தெளிப்பு யந்திரத்தில் பிஸ்டனும் வளையமும் மாற்றுதல்

பெட்ரோலால் இயங்கும் முதுகுத் தெளிப்பான்களிற் பல இரண்டு வீச்சு யந்திரங்களாகும். இவற்றில் பெட்ரோலோடு கலந்த எண்ணெயே பிஸ்டனுக்கு மசகாகிறது. கயிற்றை இழுக்கையில் எதிர்ப்புக் குறைந்து, யந்திரம் கிளம்ப மறுக்குமாயின், வளையங்கள் தேய்ந்தனவென்று ஐயுறலாம்.

சிலிண்டரைக் கழற்றியவுடன் கிராங்க் அறையின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்தல் அவசியம். பழைய பிஸ்டனை ஆராயாமல் எறியலாகாது. புகை வெளியேறும் பக்கம் கீறியிருப்பின் பெரும்பாலும் எண்ணெய்க் குறைவும், கார்புரேட்டர் பக்கம் தேய்ந்திருப்பின் வடிகட்டி வழியே புகுந்த தூசியும் காரணமாகும். காரணத்தை நீக்காமல் புதிய பிஸ்டனைப் பூட்டுவது ஓட்டைக் குதிரில் நெல் கொட்டுவதை ஒக்கும்.

புதிய வளையத்தைச் சிலிண்டருக்குள் நேராக வைத்து, முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜினால் அளந்து, தயாரிப்பாளர் குறித்த அளவோடு ஒப்பிடல் வேண்டும். காடியில் முளையிருப்பின் வளைய முனைகள் அதனை அணைந்து நிற்றல் வேண்டும். தவறினால் அவை சிலிண்டரின் துவாரத்தில் மாட்டி ஒடியும். பிஸ்டன் பின்னைத் தாங்கும் பூட்டுவளையங்களும் கேஸ்கெட்டும் புதியனவாயிருத்தல் நலம்.

எண்ணெயைக் கண்ணளவில் ஊற்றலாகாது. 25-க்கு 1 என்று குறித்திருப்பின், 1 லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லிலிட்டர் எண்ணெய் சேர்க்க வேண்டும்.

பூச்சி விழுந்த பயிர் யந்திரத்துக்காகக் காத்திராது. ஆகையால் இவ்வேலையைப் பருவத்துக்கு முன்னரே முடித்துக்கொள்ளுதல் குடியானவர்களுக்கு நன்மை பயக்கும்.