இலை தரும் பால்

ரப்பர் மரத்தின் பால் பட்டையிலிருந்து வடிகிறது. ஆயினும், அப்பாலுக்கு வேண்டிய மூலப்பொருள் பட்டையில் தோன்றுவதன்று. உச்சியில் அசையும் இலைகளிலேயே அது தயாராகிறது. இவ்வுண்மையை அறிந்தால், ஆண்டின் சில மாதங்களில் மங்கில் பால் குறைவதேன் என்பது நமக்கு விளங்கும்.

இலையின் பணி

வேர் உறிஞ்சும் நீரும், இலைத்துளைகளின் வழியே நுழையும் கரியமில வாயுவும் இலையில் சேர்கின்றன. பச்சையம் என்னும் பொருள் சூரிய ஒளியின் ஆற்றலைக் கொண்டு அவற்றிலிருந்து சர்க்கரையை உண்டாக்குகிறது. இதுவே ஒளிச்சேர்க்கை. இதற்கு ஒளி இன்றியமையாதது என்பதை, 1779ஆம் ஆண்டில் இங்கன்ஹௌஸ் என்னும் டச்சு மருத்துவர் சோதனைகளால் காட்டினார்.

இச்சர்க்கரையின் ஒரு பகுதி மரத்தை வளர்க்கிறது. மற்றொரு பகுதி பட்டையிலுள்ள பால்குழாய்களில் ரப்பராக மாறுகிறது.

ஒளி குறைந்தால்

நெருக்கமாக நிற்கும் மரங்கள் ஒளியைத் தேடி நெடிது உயர்கின்றன, அடிமரம் பருப்பதில்லை. ஒட்டுமரம் ஏறத்தாழ 45 செ.மீ. சுற்றளவு அடைந்த பின்னரே வெட்டுக்குத் தகுதி பெறுகிறது. எனவே, நிழலில் வாடும் மரம் வெட்டுக்கு வரக் காலதாமதமாகும்.

வெயில் மிகுந்தால்

ஒளி வேண்டும் என்பதால் கடும் வெயில் முழுவதும் நன்மையே என எண்ணலாகாது. மண்ணின் ஈரம் வற்றும்போது, இலை தன் நீரைக் காக்கத் துளைகளை மூடிக்கொள்கிறது. கரியமில வாயு உட்புகாமையால், ஒளி நிறைந்திருந்தும் உணவு குறைகிறது. வெயில் ஏற ஏறப் பட்டையினுள் நீரழுத்தமும் தாழ்கிறது. விடியற்காலையில் வெட்டினால் பால் மிகுதியாக வடிவது இதனாலேயே.

இலையுதிர் காலம்

மலேசியாவில் பெரும்பாலும் ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரம் இலை உதிர்க்கிறது. அப்போது மரம் சேமித்து வைத்த உணவைச் செலவிட்டே தளிர் விடுகிறது. செம்புநிறத் தளிர் பச்சையாகி முற்றும்வரை அதனால் மரத்திற்குச் செலவே அன்றி வரவில்லை. வெண்பூசண நோய் தாக்கினால் அத்தளிரும் உதிர்ந்துவிடும்.

பால் குறையும்போது கூலியும் குறையும். குடும்பச் செலவோ குறையாது. ஆகவே, இன்னும் ஆழமாகவும் அடிக்கடியும் வெட்டலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால், அளவு மீறிய வெட்டு பட்டை வறட்சிக்கு வழிகோலும். வறண்ட பட்டையில் பால் வடியாது. இன்று கிடைக்கும் சில மங்குப் பாலுக்காகப் பல்லாண்டு வருமானத்தை இழத்தல் தகுமோ?

நாம் செய்யத்தக்கவை

1. தளிர் முற்றும்வரை மரத்திற்கு ஓய்வு தருவது நன்று. தோட்டங்களில் வெட்டு நாள்களை நிர்வாகம் குறிக்கும். சொந்தச் சிறுதோட்டம் உடையோர் தாமே இதனைக் கடைப்பிடிக்கலாம்.

2. இளந்தளிர்கள் சுருங்கி உதிர்ந்து கிடப்பதைக் கண்டால், உடனே கங்காணியிடம் தெரிவிக்க வேண்டும்.

3. வறட்சியில் இளங்கன்றுகளின் அடியில் காய்ந்த புல்லைப் பரப்பினால் மண்ணின் ஈரம் நிலைக்கும். புல் தண்டைத் தொடாதிருத்தல் வேண்டும்.

4. நிரைகளுக்கிடையே படரும் மூடுபயிர்க் கொடிகளைக் காக்க வேண்டும். அவை மண்ணை வெயிலிலிருந்து காத்து, தழைச்சத்தையும் சேர்க்கின்றன.

பட்டையை வெட்டுமுன் ஒருமுறை அண்ணாந்து இலையையும் பார்ப்போம். இலை செழித்தால் பால் பெருகும். பால் பெருகினால் நம் இல்லமும் செழிக்கும்.