ஒலிமானியோடு தெருவில் இறங்கும் தம்பிக்கு



மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் இரைச்சல் அளக்கும் பணியில் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தாய். மனமார்ந்த வாழ்த்துகள். இனி நீ எழுதிக் கொடுக்கும் எண்ணை நம்பித்தான் காவல்துறை ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லும், நீதிமன்றம் தீர்ப்பெழுதும். அந்த எண் யார் எழுப்பிய சத்தத்தைச் சொல்கிறது என்பதில் உனக்கு ஐயம் இருக்கக் கூடாது. நான் வலியுறுத்த விரும்புவது இது ஒன்றைத்தான்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் உனக்கு மனப்பாடமாகியிருக்கும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. இரவு என்றால் பத்து மணி முதல் காலை ஆறு வரை. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் பகுதி வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது மொத்தம் 75, இதில் எது குறைவோ அதுவே உச்சம். தாளில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. தெருவில் இறங்கும்போதுதான் சிக்கல் தொடங்கும்.

மேடைக் கச்சேரி ஒன்றைப் பற்றிப் புகார் வருகிறது என்று வை. பாட்டு நடக்கும்போது மீட்டர் 65 காட்டுகிறது. பாட்டு நின்றதும் சாலைச் சத்தம் மட்டும் 62. “எங்களால் கூடியது வெறும் 3தானே” என்பார் அமைப்பாளர். டெசிபல் மடக்கைக் கணக்கு, தம்பி. அதை நேராகக் கழிக்க முடியாது. அந்தக் கச்சேரியின் சத்தமும் தனியாக 62தான். ஆகவே புகாருக்குரிய சத்தம் இருக்கும்போது ஒரு முறை, இல்லாதபோது ஒரு முறை அளந்த பிறகே அறிக்கை எழுது. இரண்டுக்கும் இடைவெளி 3 டெசிபலுக்கும் குறைவாக இருந்தால், பிரித்துச் சொல்ல இயலவில்லை என்றே எழுதிவிடு.

சென்னை மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி வழக்கைத் தேடிப் படி. தேவாலயத்தின் ஒலிபெருக்கியும் டிரம்ஸும் தாங்க முடியவில்லை என்று குடியிருப்போர் வழக்குத் தொடுத்தார்கள். வாரியப் பொறியாளரின் அறிக்கையோ நெடுஞ்சாலையில் ஓடும் வாகனங்களின் இரைச்சலைச் சுட்டியது. ஒலிபெருக்கியையும் குறைக்க வேண்டும், வாகன இரைச்சல் மீதும் நடவடிக்கை வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பிறர் அமைதியைக் குலைத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்றும் கூறியது. ஒரு தெருவின் சத்தத்துக்குப் பல பேர் பொறுப்பாளிகள் என்பதை அந்த வழக்கு உனக்குக் கற்றுத்தரும்.

மீட்டர் சொல்லாமல் விடுவதையும் அறிந்து வைத்துக்கொள். விதிகளின் வரம்பு ‘ஏ’ அளவுகோலில் அமைந்தது. அது அடித்தொனியைப் பெரிதும் குறைத்துக் காட்டும். 63 ஹெர்ட்ஸில் அதிரும் 80 டெசிபல் ஓசை அதில் ஏறக்குறைய 54 ஆகத்தான் தெரியும். குடியிருப்புப் பகுதியின் பகல் வரம்புக்குள் அடங்கிவிடும். சுவரைத் தாண்டி நெஞ்சை அதிரவைக்கும் சப்-வூஃபர் சத்தம் இந்த வகைதான். “கட்டில் அதிர்கிறது” என்று ஒரு பாட்டி சொன்னால், வரம்புக்குள் இருக்கிறது என்று திரும்பி வராதே. அடித்தொனியை அப்படிக் குறைக்காத ‘சி’ அளவுகோலிலும் அளந்து, அந்த எண்ணையும் அறிக்கையில் சேர்.

அளப்பதற்கு முன்னும் பின்னும் 94 டெசிபல் காலிபிரேட்டரால் கருவியைச் சரிபார். காற்று வீசினால் மைக்குக்கு நுரையுறை கட்டாயம். சுவரை ஒட்டி நிற்காதே. எதிரொலி எண்ணை ஏற்றிவிடும். புகார் இரவு பதினொரு மணிக்கானது என்றால் அந்த நேரத்தில்தான் போக வேண்டும். நண்பகலில் எடுத்த அளவு அந்த வீட்டாருக்கு எந்த நியாயத்தையும் தராது.

எண்ணைக் கொஞ்சம் குறைத்துப் போடு என்று செல்வாக்குள்ளவர்கள் கேட்பார்கள். கூட்டிப் போடு என்று பாதிக்கப்பட்டவர்களும் கேட்கக்கூடும். இருவருக்கும் ஒரே பதில் சொல். ஸ்பீக்கர் வாடகையில் பிழைப்பவருக்கும் நியாயம் வேண்டும். உறங்க முடியாத நோயாளிக்கும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் நியாயம் வேண்டும். அளந்ததை அளந்தபடி எழுது. எழுதியதற்குக் கையெழுத்துப் போடு. எந்த நீதிமன்றத்திலும் அதற்காக எழுந்து நில்.

அன்புடன்,
உன் மூத்த சகா