பள்ளிக்குள் பசுமை: பேரப்பிள்ளையின் கண்ணுக்கும் கவனத்துக்கும்

உங்கள் பள்ளி நாட்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். உங்களில் சிலர் மலாயாவின் ரப்பர் தோட்டப் பள்ளிகளில் படித்திருப்பீர்கள். சிலர் சிங்கப்பூரில் கம்பத்திலிருந்து பள்ளிக்கு நடந்தே சென்றிருப்பீர்கள். பள்ளி விட்டதும் திடல், மரத்தடி, வாய்க்கால் ஓரம் என்று வெளியில்தான் பொழுது போயிருக்கும்.

இன்று உங்கள் பேரப்பிள்ளைகளின் பொழுது பெரும்பாலும் கூரைக்குக் கீழே கழிகிறது. பள்ளி முடிந்தால் துணைப்பாட வகுப்பு; அது முடிந்தால் வீடு; வீட்டில் கைத்தொலைபேசி. பள்ளி வளாகத்தில் உள்ள மரமும் தோட்டமும் திறந்த நடைபாதையும் பிள்ளைகளுக்கு முன்பைவிட இப்போது கூடுதலாகத் தேவைப்படுவது இதனால்தான். அந்தப் பசுமை அவர்களுக்கு எப்படி உதவுகிறது, வீட்டில் நீங்கள் எப்படித் துணைநிற்கலாம் என்பதை இங்கே காண்போம்.

பசுமையும் கவனமும்

நீண்ட நேரம் ஒரே வேலையில் மனத்தைச் செலுத்தினால் மூளை களைத்துப்போகும். மரம், செடிகளைப் பார்க்கும்போது அந்தக் களைப்பு விரைவில் நீங்குகிறது.

அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் 5 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 94 மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. 2016ஆம் ஆண்டில் அதன் முடிவுகள் வெளிவந்தன. சில மாணவர்கள் சன்னல் இல்லாத வகுப்பறையில் அமர்ந்தனர். சிலருக்குச் சன்னல் வழியே கட்டடங்கள் மட்டும் தெரிந்தன. மற்றவர்களுக்கு மரங்கள் தெரிந்தன. எல்லாருக்கும் முதலில் வேலை கொடுத்து, பிறகு வகுப்பறையிலேயே 10 நிமிட இடைவேளை விட்டார்கள். மரங்களைப் பார்க்க முடிந்த மாணவர்கள் இடைவேளைக்குப் பிறகு கூடுதல் கவனத்துடன் செயல்பட்டனர். அவர்களின் மன அழுத்தமும் விரைவாகத் தணிந்தது. கட்டடங்களை மட்டும் பார்த்தவர்களுக்கு அத்தகைய பலன் கிட்டவில்லை.

ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் 36 தொடக்கப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 2,600 பிள்ளைகளை ஆய்வாளர்கள் ஓராண்டு கவனித்தனர். பள்ளியிலும் அதைச் சுற்றியும் பசுமை மிகுந்திருந்த இடங்களில் பிள்ளைகளின் நினைவாற்றல் கூடுதலாக வளர்ந்தது. கவனச் சிதறல் குறைந்தது. பசுமை மிகுந்த பள்ளிகளில் வாகனப் புகை குறைவாக இருந்ததும் இதற்கு ஒரு காரணம்.

வெளிச்சமும் கண்களும்

நம் நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளியை முடிப்பதற்குள் கிட்டப்பார்வை வந்துவிடுகிறது. அருகில் உள்ளவை தெளிவாகத் தெரியும். தொலைவில் உள்ளவை மங்கலாகத் தெரியும். கண்விழி அளவுக்கு மீறி நீண்டு வளர்வதால் இது ஏற்படுகிறது. நீண்டுவிட்ட விழி மீண்டும் சுருங்காது.

சிறு வயதிலேயே கிட்டப்பார்வை தொடங்கினால், கண்ணாடியின் ‘பவர்’ ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகலாம். கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் விழித்திரை விலகல், கண் அழுத்த நோய் போன்றவை வரும் அபாயம் அதிகம். இவற்றால் பார்வையே பறிபோகக்கூடும். ஆகவே, கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைக்கு நன்மைதான்.

சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. அவற்றில் 6 பள்ளிகளில், முதலாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடங்கள் வெளியில் விளையாட விட்டனர். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளில் சுமார் 30 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்ற 6 பள்ளிகளில் அது சுமார் 40 விழுக்காடு.

இதற்கு வெளிச்சமே முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. வகுப்பறை வெளிச்சம் பொதுவாக 300 முதல் 500 லக்ஸ். பகலில் திறந்த வெளியில் அது 10,000 லக்ஸுக்கும் மேல். மர நிழலில்கூட வகுப்பறையைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு.

‘வெயிலில் போகாதே, கறுத்துவிடுவாய்’ என்று நாம் பிள்ளைகளிடம் சொல்வது வழக்கம். அக்கறையால் சொல்கிறோம். ஆனால் அதைக் கேட்டுப் பிள்ளை வீட்டுக்குள் இருந்துவிட்டால், அதன் கண்களுக்கு வேண்டிய வெளிச்சம் கிடைக்காமல் போகிறது. இனி, ‘மர நிழலில் விளையாடு’ என்று சொல்லுங்கள். தொப்பி அணிந்து நிழலில் விளையாடினாலும் கண்களுக்குப் பலன் உண்டு.

பள்ளிக்குச் செல்லும்போது கவனியுங்கள்

பேரப்பிள்ளையை அழைத்துவரச் செல்லும்போதோ பள்ளி நிகழ்ச்சிக்குப் போகும்போதோ இவற்றைப் பாருங்கள்:

• வகுப்பறைச் சன்னலிலிருந்து மரம், செடி, வானம் தெரிகின்றனவா?
• நடைபாதைகள் காற்றும் வெளிச்சமும் வரும்படி திறந்திருக்கின்றனவா?
• இடைவேளையில் பிள்ளைகள் சென்று விளையாட நிழலான இடம் உள்ளதா?
• மூலிகைத் தோட்டம், வண்ணத்துப்பூச்சித் தோட்டம் போன்றவை உள்ளனவா? பிள்ளைகள் அவற்றில் தாங்களே வேலை செய்கிறார்களா?

பார்த்ததைப் பற்றிப் பேரப்பிள்ளையிடம் பேசுங்கள். ‘இன்று என்ன மதிப்பெண்?’ என்று கேட்பதோடு, ‘இன்று இடைவேளையில் எங்கே விளையாடினாய்?’ என்றும் கேளுங்கள். நாள் முழுவதும் வெளியே போகவில்லை என்று பதில் வந்தால், மாலையில் கீழே அழைத்துச் செல்லுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

1. பள்ளியிலிருந்து நேரே வீட்டுக்கு வராமல் பூங்கா வழியாக நடந்து வாருங்கள். பள்ளி இடைவேளை, நடை, விளையாட்டு எல்லாம் சேர்த்து, பிள்ளை நாளொன்றுக்கு 2 மணி நேரம் வெளியில் இருப்பது நல்லது. ஒரே மூச்சில் இருக்கவேண்டியதில்லை.

2. வெயில் சாய்ந்த பிறகு, மாலை 5 மணிக்கு மேல் செல்லுங்கள். அப்போதும் வெளியில் போதிய வெளிச்சம் இருக்கும். தண்ணீர் கொண்டுசெல்லுங்கள்.

3. பள்ளியில் கற்றதை வீட்டில் தொடர உதவுங்கள். வீட்டு வாசலில் கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறீர்களா? ஒரு வகை வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும். இலையைக் கடிக்கும் புழுவை உடனே எடுத்துப்போடாமல், பேரப்பிள்ளையோடு சேர்ந்து கவனியுங்கள். அது கூட்டுப்புழுவாகி, வண்ணத்துப்பூச்சியாவதைப் பிள்ளை நேரில் பார்க்கட்டும்.

4. தொட்டித் தட்டுகளில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு அங்கே முட்டையிடும். வீவக தாழ்வாரத்தில் செடி வைத்தால், நடக்க 1.2 மீட்டர் வழி விடுங்கள்.

5. பள்ளியில் நடக்கும் பார்வைப் பரிசோதனைக்குப் பிறகு கடிதம் கொடுத்துவிட்டால், பிள்ளையின் பெற்றோரிடம் சொல்லி உடனே கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். ‘கண்ணாடி போட்டால் கண் மேலும் கெடும்’ என்பது தவறான நம்பிக்கை. கண்ணாடி போட்ட பிள்ளைக்குப் பவர் ஏறும் வேகத்தைக் குறைக்கச் சொட்டு மருந்து போன்ற சிகிச்சைகள் உள்ளன. மருத்துவரிடம் கேளுங்கள்.

உங்களுக்கும் இது நல்லது

பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்யவேண்டும். பேரப்பிள்ளையோடு தினமும் அரை மணி நேரம் சற்று வேகமாக நடந்தால், ஐந்தே நாட்களில் அந்த அளவை எட்டிவிடலாம். முழங்கால் வலி, நெஞ்சு வலி, தலைச்சுற்றல் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்க இயலாத நாளில், பூங்கா இருக்கையில் அமர்ந்து பிள்ளை விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் போதும்.

நினைவில் கொள்ளுங்கள்

பள்ளி மரம் நடலாம், தோட்டம் அமைக்கலாம். ஆனால் பிள்ளை பள்ளியில் இருப்பது அரை நாள்தான். மீதி அரை நாளில் அதைக் கைப்பிடித்து வெளியே அழைத்துச் செல்ல, வீட்டில் ஒருவர் வேண்டும். பல வீடுகளில் அந்த ஒருவர் தாத்தாவோ பாட்டியோதான். இன்று மாலையே தொடங்குங்கள்.