இன்னும் இரண்டு டிகிரி

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய டைனோ தாளைப் பார்த்தேன். என்ஜின் கணினியை ரீமேப் செய்த பிறகு கார் எப்படி இழுக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாய், சந்தோஷம். ஆனால் "இன்னும் ரெண்டு டிகிரி டைமிங் அட்வான்ஸ் வச்சா இன்னும் வரும் மாமா" என்று கடைசியில் எழுதிய வரி என்னைத் தூங்கவிடவில்லை. செட்டிபாளையம் கரி டிராக்குக்கு வண்டியை எடுத்துப் போகுமுன் இதைப் படித்துவிடு.

பிளக்கில் பொறி பறந்ததும் கலவை மொத்தமும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்வதில்லை. தீ பரவ ஓரிரு மில்லி நொடியாவது வேண்டும். 1000 ஆர்பிஎம்மில் ஒரு மில்லி நொடிக்குள் கிராங்க் 6 டிகிரி சுற்றுகிறது. 6000-ல் 36 டிகிரி. அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே பொறியைப் போடுகிறோம்; அதுதான் டைமிங் அட்வான்ஸ். ஊஞ்சல் ஆட்டியிருப்பாயே, அதே கணக்குதான். ஊஞ்சல் நம்மிடம் வந்து திரும்பும் நேரத்தில் தள்ள வேண்டும். பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஏறக்குறைய 15 டிகிரி இறங்கும்போது அழுத்தம் உச்சத்தை எட்டினால் இழுவை நன்றாக வரும். அதற்கு முந்தினால் ஏறி வரும் பிஸ்டனையே எதிர்த்துத் தள்ளுகிறாய். ரொம்பப் பிந்தினால் சூடு புகைக்குழாய் வழியே போய் டர்போவை வாட்டும்.

ஆபத்து எங்கே தொடங்குகிறது தெரியுமா? தீ இன்னும் போய்ச் சேராத கடைசி மூலையில். எரிந்த வாயு விரிந்து, அந்த மூலையில் மிச்சமிருக்கும் கலவையை நெருக்குகிறது. நெருக்க நெருக்கச் சூடேறி, தீ வந்து தொடுமுன்பே அது தானாகப் பற்றிக்கொள்கிறது. சரவெடி ஒவ்வொன்றாக வெடிப்பதற்கும், கட்டு மொத்தமும் ஒரே நொடியில் வெடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. இதைத்தான் நாக்கிங் என்கிறோம். டைமிங்கைக் கூட்டினாலும், பூஸ்ட்டைக் கூட்டினாலும், உள்ளே வரும் காற்று சூடாக இருந்தாலும் அந்த மூலைக்கு நெருக்கடி அதிகம். உன்னுடையது டர்போ வண்டி. நம் ஊர் ஏப்ரல் வெயிலில் டிராக்கில் ஓட்டப் போகிறாய். மூன்றும் சேர்ந்தே வரும்.

பிஸ்டன் அலுமினியம். ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸில் இளகிவிடும் உலோகம், இரண்டாயிரம் டிகிரியைத் தாண்டும் தீயின் கீழ் எப்படிப் பிழைக்கிறது? அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய, சற்றே குளிர்ந்த வாயுப் படலம் காப்பதும் ஒரு காரணம். நாக்கிங்கின் அதிர்ச்சி அலை அந்தப் படலத்தைத்தான் முதலில் உரித்தெடுக்கிறது. பிறகு பிஸ்டன் ஓரம் அரிக்கும். ரிங்குகளுக்கு இடையிலுள்ள விளிம்பு உடையும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். உன் வயதில் டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய வண்டி ஒன்று வைத்திருந்தேன். நானே அதைக் கையால் திருப்பி டைமிங்கைக் கூட்டிவிட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறினேன். கியர் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்குவது போலச் சத்தம். கேசட் ஓடிக்கொண்டிருந்தது, ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டேன். பர்லியார் தாண்டியதும் நீலப் புகை. பிளக்கைக் கழற்றினால் பீங்கான்மேல் மிளகைத் தூவியது போலப் புள்ளிகள், நடுவே வெள்ளியாக மின்னும் துணுக்குகள். அந்தத் துணுக்குகள் பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம்.

எனக்காவது சத்தம் கேட்டது. உனக்கு அதுவும் கேட்காது. 75 மில்லிமீட்டர் போர் உள்ள சிலிண்டரில் நாக்கிங் நொடிக்கு ஏறக்குறைய 7,500 அதிர்வுகளில் ஒலிக்கும். 6000 ஆர்பிஎம்மில், ஹெல்மெட்டுக்குள் இருக்கும் காதுக்கு அது எட்டாது. என்ஜினில் முடுக்கிய நாக் சென்சர் கேட்கும். கேட்டதும் என்ஜின் கணினியான ஈசியூ டைமிங்கைச் சில டிகிரி பின்னிழுக்கும். ஆனால் அடி விழுந்த பிறகுதான் அதற்குத் தெரியும் என்பதை மறக்காதே. அலுமினியத்தை அடித்துச் செய்த பிஸ்டன் போட்டால் அதன் தட்டல் சத்தத்தையே நாக்கிங் என்று எண்ணிக்கொள்ளும். அதற்காகச் சிலர் சென்சரின் உணர்திறனைக் குறைத்துவிடுகிறார்கள். சோதித்துப் பார்க்காமல் அப்படிச் செய்பவரிடம் உன் வண்டியைக் கொடுக்காதே.

இந்தச் சத்தத்தை அடக்க உலகம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1921-ல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்து நாக்கிங்கை நிறுத்தினார். 2000-ல் நாம் அதைக் கைவிடும்வரை நம் தெருக்களிலும் அந்த ஈயம் புகையாக வந்தது. ஆக்டேன் எண்ணும் இந்தத் தேடலில் பிறந்ததுதான். 91, 95, 100 என்று பங்க்கில் எழுதியிருப்பது பெட்ரோலின் சக்தி அல்ல. தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் பொறுமை. 100-க்கு மேப் போட்டுவிட்டு, வழியில் கிடைத்தது என்று 91 ஊற்றினால், டைனோவில் நல்லவனாக இருந்த அதே டைமிங் பிஸ்டனைத் தின்னும்.

இனி உன் இரண்டு டிகிரி. உன் தாளை மறுபடி பார். 4000-லிருந்து 5000 ஆர்பிஎம் வரை கடைசி மூன்று ஓட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. டைமிங் கூடியிருக்கிறது, இழுவையைக் காட்டும் டார்க் கூடவில்லை. அங்கே மேலும் இரண்டு டிகிரி வைத்தால் கையில் எதுவும் வராது, மூலையின் நெருக்கடிதான் கூடும். 3000-க்குப் பக்கத்தில் கதை வேறு: பூஸ்ட் உச்சத்தில் இருக்கும் இடம். அங்கே டார்க் இன்னும் ஏறும்போலத்தான் தெரிகிறது. ஆனால் டார்க் நிற்குமுன்பே நாக்கிங் வந்து நிற்கும். அந்த இடத்தில் டார்க் கோட்டை நம்பாதே, சிலிண்டர்வாரியாக நாக் ரிடார்ட் பதிவைப் பார். ஒரே சிலிண்டரில் ஒவ்வொரு ஓட்டத்திலும் நாலைந்து டிகிரி பின்வாங்கியிருந்தால், மேப் ஏற்கெனவே அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை வா. அந்தப் பதிவுக் கோப்பையும் கொண்டு வா. பிளக்குகளைத் துடைக்காமல் கழற்றி, எது எந்தச் சிலிண்டரில் இருந்தது என்று காகிதத்தில் எழுதிச் சுற்றிக்கொண்டு வா. பூதக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
மாமா