புகைப்படம் அச்சிடும் முன் அளவு பாருங்கள்

கைப்பேசியில் எடுத்த குடும்பப் படத்தை 6×4 அங்குலத்தில் பிரிண்ட் போட்டால், சில நேரம் பின்வரிசையில் நிற்பவர்களின் தலை வெட்டுப்படுகிறது. ஏன்?

கைப்பேசிப் படம் பெரும்பாலும் 4:3 விகிதம். 6×4 தாளோ 3:2. ஆறு அங்குல அகலத்துக்கு அந்தப் படம் 4½ அங்குல உயரம் கேட்கும். மிஞ்சும் அரை அங்குலத்தை வெட்டிவிடுவார்கள். ஆகவே எடுக்கும்போதே மேலும் கீழும் இடம் விடுங்கள். அல்லது 4:3 விகிதமே உள்ள 8×6 அளவைக் கேளுங்கள்.

தெளிவாக வர அங்குலத்துக்கு 300 பிக்சல் நல்லது. 6×4 அளவுக்கு 1800×1200, 8×6 அளவுக்கு 2400×1800.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் பிக்சல் குறையும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். குறைந்த பிக்சல் திரும்ப வராது. நம் வீட்டுப் பெரியவர்களின் படங்களை மறுபடி எடுக்க வாய்க்காமல் போகலாம். அவற்றின் மூலக் கோப்பை அழிக்காமல் பத்திரப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.