அணைத்து வைத்த டார்ச்சில் பேட்டரி தீருவது ஏன்?



நம் ஐயம்பேட்டையில் டார்ச் இல்லாத வீடு அபூர்வம். குழித்தறிக்குள் அறுந்த இழையைத் தேடணும், முழு இரவு ஜெபம் முடிந்து இருட்டில் வீடு திரும்பணும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் பல ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. அப்படிப்பட்ட ராத்திரியில் டார்ச் எரியாவிட்டால் அது இருந்தும் என்ன பிரயோஜனம்?

"புது செல் போட்டேன் பிரதர், தொடவே இல்ல, ஒரே மாசத்துல தீர்ந்துபோச்சு" என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். செல் கம்பெனியைத் திட்டுமுன் சுவிட்சைக் கவனியுங்கள். தள்ளுகிற சுவிட்சானால், அணைத்ததும் தொடர்பு அறுந்துவிடும். அங்கே கசிவுக்கு இடம் குறைவு. மெதுவாக அழுத்துகிற பட்டன், அழுத்த அழுத்த வெளிச்சம் மாறுகிறது என்றால், உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் அடுத்த அழுத்தலுக்காக எப்போதும் விழித்திருக்கக்கூடும். அதுக்கும் தீனி வேணுமே!

கணக்கு பாருங்கள். அணைத்த நிலையில் 1 மில்லி ஆம்பியர் ஓடினால், 30 நாளில், அதாவது 720 மணி நேரத்தில், 720 மில்லி ஆம்பியர்-மணி போய்விடும். விலை குறைந்த சின்ன பென்சில் செல்லில் மொத்தமே அவ்வளவு இருக்காது. அதே கசிவு 0.02 மட்டும் என்றால் மாதத்துக்கு 14 தான், கவலை வேண்டாம்.

மல்டிமீட்டர் இருந்தால் மில்லி ஆம்பியரில் வைத்து, செல்லுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே, டார்ச்சை அணைத்தபடியே அளக்கலாம். செல்லின் இரு முனைகளிலும் நேரே வைக்காதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும். மீட்டர் இல்லையா? செல்லுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஒரு துண்டு காகிதம் செருகி இரண்டு வாரம் வையுங்கள். காகிதத்தோடு செல் நிற்கிறது, காகிதம் இல்லாமல் இறங்குகிறது என்றால், திருடன் உள்ளேதான் இருக்கிறான். ரிப்பேர் கூலி டார்ச் விலையைத் தாண்டிவிடும். அந்தக் காகிதத்தையே நிரந்தரமாக வைத்துவிடுங்கள். அல்லது பின்மூடியை ஒரு சுற்று தளர்த்தி வையுங்கள், பெரும்பாலான உலோக டார்ச்சுகளில் அதுவே போதும்.

இன்னொரு விஷயம். வெள்ளை எல்.இ.டி. எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். மூன்று செல் டார்ச்சில் ஒவ்வொரு செல்லும் 1.5-லிருந்து 1.1-க்கு இறங்கும்போதே வெளிச்சம் மங்கிவிடுகிறது. செல் இன்னும் சாகவில்லை. டிவி ரிமோட்டில் போட்டால் கொஞ்ச காலம் ஓடும். ஆனால் பழசையும் புதுசையும் கலந்து போடாதீர்கள். பலவீனமான செல்லை மற்றவை நெருக்கி, அது ஒழுகி ஸ்பிரிங்கையே அரித்துவிடும். பச்சையாகப் பூத்த ஸ்பிரிங்கைச் சுரண்டினாலே சில டார்ச் எரிகிறது!

சுவரில் செருகி சார்ஜ் பண்ணுகிற டார்ச் வேறு ஜாதி. பழைய மலிவு வகைகளில் 4 வோல்ட் ஈய-அமில பேட்டரி இருக்கும். அது சும்மா இருந்தாலும் கொஞ்சங் கொஞ்சமாக இறங்கும். காலியாகவே மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் உப்பு பிடித்து, பிறகு சார்ஜ் ஏறாது. ஆகவே மாதம் ஒருமுறை சார்ஜ் பண்ணுங்க. பலவற்றில் தானாக நிற்கிற வசதி கிடையாது, அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிற மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். பிளக்கில் இருக்கும்போது கண்டிப்பாகத் திறக்கக்கூடாது. உள்ளே 230 வோல்ட் நேரடியாக வந்து நிற்கும், பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.