மல்லாட்டைப் பூவைப் படம் எடுப்போம்

பூவைப் படம் எடுக்கச் சொன்னால் பலரும் ரோஜாவையோ செம்பருத்தியையோ தேடிப் போவார்கள். நாம் வயலுக்குப் போவோம். கடலூர் மாவட்டத்தில் ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் பக்கத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்பார்கள். மணிலா என்றும் சொல்வதுண்டு. விருத்தாசலத்தில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்ற பெயரில் பல நிலக்கடலை ரகங்களை வெளியிட்டிருக்கிறது. இச்செடியின் சிறிய மஞ்சள் பூ, படத்துக்குச் சட்டம் அமைப்பதை நமக்கு நன்றாகக் கற்றுத் தரும்.

சட்டம் என்பது என்ன?

காமிராவின் கண்ணாடியில் அல்லது கைபேசியின் திரையில் தெரியும் நாற்கோணமே சட்டம். வயலில் நிற்கும்போது நம் மனம் பூவை மட்டும் கவனித்து மற்றவற்றை ஒதுக்கிவிடும். காமிரா எதையும் ஒதுக்காது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன், "இந்தப் படம் எந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே வெட்டுவது?

மல்லாட்டைப் பூவின் கீழே காம்புபோல் தெரிவது காம்பன்று. பூவின் பகுதியான மெல்லிய குழல். சூலகம் அதன் அடியில், இலைக்கக்கத்தில் இருக்கிறது. பூ வாடிய பிறகு, சூலகத்தின் அடிப்பகுதி நீண்டு விழுதாக மண்ணுக்குள் இறங்குகிறது. காய் மண்ணுக்குள்தான் உருவாகிறது.

நின்றபடி மேலிருந்து எடுத்தால் மஞ்சள் இதழ்கள் மட்டுமே கிடைக்கும். படம் அழகாக இருக்கலாம். ஆனால் கடலை எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதில் விடை இல்லை. ஆகவே மண்டியிட்டுப் பூவின் உயரத்துக்குக் காமிராவை இறக்குங்கள். சட்டத்தை நெட்டாகப் பிடியுங்கள். பூ, இலைக்கக்கம், கீழே இறங்கும் விழுது, மண் ஆகிய நான்கும் உள்ளே இருக்கட்டும்.

பூவை எங்கே வைப்பது?

சட்டத்தின் நீளத்தையும் அகலத்தையும் மும்மூன்று சமபாகங்களாகப் பிரிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கோடுகள் நான்கு இடங்களில் வெட்டிக்கொள்ளும். மேலே உள்ள ஒரு வெட்டுப்புள்ளியில் பூவை வையுங்கள். பார்ப்பவர் கண் முதலில் பூவில் பட்டு, பிறகு விழுதின் வழியே மண்ணுக்கு இறங்கும். பூவை நட்டநடுவில் வைத்தால் விழுதுக்கு இடம் போதாமல் போகலாம்.

தெளிவும் ஒளியும்

பூவை நெருங்க நெருங்க, படத்தில் தெளிவாக விழும் ஆழம் குறையும். 35 மி.மீ. பிலிம் காமிராவில் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, துளை எண்ணை 4-இல் வைத்ததாகக் கொள்வோம். 1 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 9 செ.மீ. ஆழம் தெளிவாக இருக்கும். அரை மீட்டரில் 2 செ.மீ. மட்டுமே. பூ தெளிந்தால் விழுது மங்கிவிடும்.

துளை எண்ணை 16 ஆக்கினால் அரை மீட்டரிலும் 8 செ.மீ.க்கு மேல் தெளிவு கிடைக்கும். ஆனால் துளை சுருங்குவதால் ஒளி பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதை ஈடுசெய்யப் பதினாறு மடங்கு நேரம் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் காற்றில் பூ அசைந்தால் படம் கலங்கும். காற்று அடங்கியிருக்கும் காலை வேளையே இதற்கு ஏற்றது. மல்லாட்டைப் பூவும் விடியலில் மலர்ந்து அன்றே வாடிவிடுவது. வெயிலும் சாய்வாக விழுவதால் இதழின் வரிகள் எடுப்பாகத் தெரியும். நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்தால் இருட்டு குறையும்.

கைபேசியின் லென்ஸ் மிகச் சிறியது. ஆகவே அதில் தெளிவின் ஆழம் அதிகம். பின்னால் உள்ள களையும் வரப்பும்கூடத் தெளிவாக விழுந்து கவனத்தைக் கெடுக்கும். இரண்டடி தள்ளி நின்று, வெறும் மண் பின்னணியாக அமையும் கோணத்தைத் தேடுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

செடியைப் பிடுங்காமல், மிதிக்காமல் மூன்று படங்கள் எடுங்கள். ஒன்று மேலிருந்து, இன்னொன்று பக்கவாட்டில். பூ இருந்த கணுவில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டிவிட்டு, பத்து நாள் கழித்து அதே கோணத்தில், அதே தூரத்தில் மூன்றாவது படம் எடுங்கள். அளவு தெரிய ஓரத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். தேதியையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றையும் வரிசையாக ஒட்டி, மல்லாட்டைச் செடியையே பார்த்திராத ஒருவரிடம் காட்டுங்கள். "காய் எங்கே உண்டாகிறது?" என்று கேளுங்கள். அவர் மண்ணைச் சுட்டிக் காட்டினால், உங்கள் சட்டம் சரியாக அமைந்தது என்று பொருள்.